திருச்சிராப்பள்ளி வைட்டமின் ஏ ஆய்வு

திருச்சிராப்பள்ளி வைட்டமின் ஏ ஆய்வு என்பது, பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தால் அவர்களின் இறப்பு குறையுமா என்பதை அறியத் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நடத்தப்பட்ட மருத்துவ ஊட்டச்சத்து ஆய்வு ஆகும். 15,419 குழந்தைகள் ஓராண்டுக் காலம் இதில் இடம்பெற்றனர். முடிவுகள் 1990 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியாயின. மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த லைலா ரஹ்மத்துல்லா கட்டுரையின் முதல் ஆசிரியர். அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் பார்பரா அண்டர்வுட், அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆர். டி. துளசிராஜ் ஆகியோர் உடன் ஆசிரியர்களில் குறிப்பிடத்தக்கவர்கள்.

வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. மாலைக்கண்ணுக்கு மருந்து என்று மட்டும் அறியப்பட்டிருந்த ஒரு சத்து, குழந்தையின் உயிரையே காக்கக்கூடியது என்ற கருத்துக்கு அன்று கிடைத்த மிக வலுவான சான்றுகளில் இது ஒன்று. அதே ஆண்டில் ஐதராபாத்தில் நடந்த மற்றோர் ஆய்வு ஏறத்தாழ எதிரான முடிவைத் தந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த ஆய்வின் மதிப்பும் எல்லையும் விளங்கும்.

நெல் விளையும் நாட்டில் ஒரு குறை

திருச்சிராப்பள்ளி காவிரி டெல்டாவின் தலைவாசல். முக்கொம்பு மேலணையில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கல்லணைக்குக் கீழே தஞ்சாவூர்ச் சமவெளி விரிகிறது. ஆய்வு நடந்த காலத்துத் திருச்சி மாவட்டம் இன்றுள்ளதைவிடப் பெரியது. பின்னர் தனி மாவட்டங்களான கரூர், பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளும் அதில் அடங்கியிருந்தன. ஆற்றுப்பாசனம் பெறும் நன்செய் ஒரு பக்கம், வானம் பார்த்த பூமி மறுபக்கம் என்று அந்த மாவட்டம் இரண்டு முகம் கொண்டது. குறுவையும் சம்பாவும் தாளடியும் விளையும் நாட்டில் குழந்தைகளுக்குச் சத்துக் குறைவு எப்படி வரும் என்ற கேள்வி எழலாம். குறை சோற்றின் அளவில் இல்லை, அதில் உள்ள சத்துகளில் இருந்தது.

தீட்டிய அரிசியில் வைட்டமின் ஏவும் இல்லை, உடலில் அதுவாக மாறும் பீட்டா கரோட்டினும் இல்லை. இந்த இடத்தில் புழுங்கல் அரிசியும் உதவாது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியில் உள்ள தயமின் எனும் வைட்டமின் பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடும். ஆலையில் தீட்டினாலும் ஓரளவு தங்கும். பழைய சென்னை மாகாணத்தில் பச்சரிசி உண்ட வடகடற்கரை மாவட்டங்களை வாட்டிய பெரிபெரி நோய், புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அந்த அளவு பரவாததற்கு இதுவே காரணம் என்பதைக் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் ராபர்ட் மெக்காரிசனும் அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டும் ஆராய்ந்து எழுதினர். ஆனால் அவித்து உள்ளே இறக்குவதற்கு நெல்லின் தவிட்டில் கரோட்டின் கிடையாது. அரிசியை எப்படிப் பக்குவப்படுத்தினாலும் வைட்டமின் ஏ வேறொரு பண்டத்திலிருந்துதான் வர வேண்டும்.

அந்தப் பண்டங்கள் டெல்டாவில் இல்லாமலில்லை. கொல்லையில் முருங்கை நிற்கும். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர அகத்தி நட்டிருக்கும். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் தாமே முளைக்கும். பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லது என்பது பாட்டிமார் அறிந்த செய்தி. ஆனால் கீரை குழந்தைக்குச் செரிக்காது, வயிற்றால் போகும் என்ற எண்ணமும் அதே வீடுகளில் இருந்தது. தாய்ப்பால் மறக்கும் வயதில் குழந்தைக்குக் கிடைத்தது கஞ்சி, இட்லி, ரசம் சோறு, தாய் நடவுக்கோ களையெடுப்புக்கோ போன நாட்களில் காலையில் பழையது. வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது. உணவில் எண்ணெயோ நெய்யோ இல்லாவிட்டால் உண்ட கீரையின் கரோட்டினும் உடலில் முழுமையாகச் சேராது. கூலி வீட்டுக் குழந்தையின் தட்டில் எண்ணெய் துளிக்கணக்கில்தான் விழுந்தது.

தாய்ப்பால் குடிக்கும் வரை குழந்தைக்குப் பெரும் பாதுகாப்பு உண்டு. பிறந்த சில நாட்களில் சுரக்கும் சீம்பாலில் இந்தச் சத்து மிகுதி. தாயின் உடலிலேயே இருப்புக் குறைந்திருந்தால் பாலிலும் குறையும். ஆகவே இக்குறை பிள்ளைப்பேற்றுக்கு முன்பே தொடங்கி, தாயிடமிருந்து குழந்தைக்கு வருவது.

கண்ணில் தெரிவது, உடலில் தெரியாதது

விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் ரோடாப்சின் எனும் நிறமி உருவாக வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் அந்தி சாய்ந்ததும் குழந்தை தடுமாறும், தட்டில் உள்ள சோற்றைத் துழாவும். இதுவே மாலைக்கண். அடுத்து விழிவெண்படலம் வறண்டு, அதன் மேல் சோப்பு நுரை ஒட்டியது போன்ற பிட்டாட் புள்ளிகள் தோன்றும். அதற்கும் அடுத்த நிலையில் கருவிழி வறண்டு, இளகி, சில நாட்களிலேயே உடைந்துபோகலாம். தட்டம்மையோ கடும் வயிற்றுப்போக்கோ வந்த குழந்தைக்கு இந்த இறுதிக்கட்டம் திடீரென நேரும். இந்த நிலைகள் அனைத்துக்கும் பொதுப்பெயர் உலர்விழி நோய்.

தென்னிந்தியாவில் இதைக் கண் மருத்துவர்கள் நெடுநாளாகவே கண்டு வந்தனர். சென்னை அரசுக் கண் மருத்துவமனையின் ஆர். ஈ. ரைட், கருவிழி இளகும் நோயைப் பற்றி 1922இலேயே எழுதினார். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்குவதற்கு முன்பே, அன்று எர்ஸ்கின் மருத்துவமனை எனப்பட்ட அரசு மருத்துவமனையில் இத்தகைய குழந்தைகளுக்காக ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தார். கண் மருத்துவமனை ஒன்றின் குடும்பத்திலிருந்து குழந்தை இறப்பு பற்றிய ஆய்வு ஏன் பிறந்தது என்பதற்கு விடை இங்கே உள்ளது. கண் கெட்டு வந்த குழந்தைகளில் பலர் உயிரோடு திரும்பவில்லை என்பதை அந்த மருத்துவர்கள் நேரில் பார்த்திருந்தனர்.

வைட்டமின் ஏ கண்ணுக்கு மட்டும் உரியதன்று. குடல், மூச்சுக்குழல், சிறுநீர்ப் பாதை ஆகியவற்றின் உட்பூச்சுச் செல்களும், நோய் எதிர்ப்புச் செல்களும் முறையாக வளர இது தேவை. 1928இல் கிரீன், மெல்லன்பி என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் இதைத் தொற்றெதிர்ப்பு வைட்டமின் என்றே அழைத்தனர். பின்னர் சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்ததும் அந்தப் பெயர் மறக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து அதை மீட்டவர் ஆல்ஃபிரட் சோமர் எனும் அமெரிக்கக் கண் மருத்துவர். இந்தோனேசியாவில் அவர் பின்தொடர்ந்த குழந்தைகளில், லேசான உலர்விழி நோய் இருந்தவர்கள், கண் நலமாக இருந்தவர்களைவிடச் சராசரியாக நான்கு மடங்கு அதிகமாக இறந்தனர். 1983இல் இது வெளியானது. தொடர்ந்து சுமத்ரா தீவின் ஆச்சே பகுதியில் 450 ஊர்களில் நடத்திய சோதனையில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ பெற்ற ஊர்களில் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது என்று 1986இல் அறிவித்தார்.

மருத்துவ உலகம் அதை உடனே ஏற்கவில்லை. ஆச்சேயில் ஒப்பீட்டு ஊர்களுக்குப் போலி மருந்து எதுவும் தரப்படவில்லை. எந்த ஊருக்கு மருந்து, எந்த ஊருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வேறுபாடு வைட்டமினால் வந்ததா, கவனிப்பால் வந்ததா என்று கேட்டவர்களிடம் நியாயம் இருந்தது. இதற்கு விடை காண மறைப்புடன் கூடிய சோதனை தேவைப்பட்டது. திருச்சி ஆய்வு அந்தத் தேவைக்கே வந்தது.

ஆய்வின் அமைப்பு

குழந்தைகள் தற்செயல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை 8,333 பன்னாட்டு அலகு வைட்டமின் ஏவும் 20 மில்லிகிராம் வைட்டமின் ஈயும் வாய்வழியே தரப்பட்டன. மறுபிரிவுக்கு வைட்டமின் ஈ மட்டும். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் தெரியாது. பிரிப்பு தனித்தனிக் குழந்தைகளாக அல்லாமல் குடியிருப்புத் தொகுதிகளாக அமைந்தது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக் குழந்தைகளுக்கு வெவ்வேறு மருந்து கொடுத்தால் எங்கோ ஓரிடத்தில் மாறிப்போகும் என்பது ஊர் நடைமுறை அறிந்தவர்களுக்கு விளங்கும்.

ஆய்வின் தாங்குதூண்கள் நலத் தன்னார்வலர்கள். இவர்கள் வாரந்தோறும் குழந்தையைத் தேடிச் சென்று மருந்து புகட்டினர், அந்த வாரம் காய்ச்சல் வந்ததா, வயிற்றுப்போக்கு வந்ததா, இருமல் உண்டா என்று தாயிடம் கேட்டுப் பதிந்தனர், இறப்புகளையும் பதிந்தனர். இரு பிரிவிலும் குறைந்தது 88 விழுக்காடு குழந்தைகளை வாரந்தோறும் சந்திக்க முடிந்தது. நடவு, அறுவடை, உறவு வீட்டுப் பயணம், திருவிழா என்று குழந்தைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் சூழலில், ஓராண்டு முழுதும் இந்த அளவு எட்டியது சாதாரணச் செயலன்று.

மருந்தின் அளவுதான் இந்த ஆய்வைத் தனித்துக் காட்டுவது. இந்திய அரசு 1970 முதல் நடத்திவந்த ஊட்டச்சத்துப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில், குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு ஒரே வேளையாகக் கொடுக்கப்பட்டது. கல்லீரல் இந்தச் சத்தைச் சேமித்து வைக்கும் என்பதை நம்பி வகுத்த முறை அது. திருச்சியில் தந்த 8,333 அலகு என்பது 2,500 மைக்ரோகிராம் ரெட்டினால். நாளொன்றுக்குப் பங்கிட்டால் சுமார் 357 மைக்ரோகிராம். இது ஏறத்தாழ ஒரு சிறு குழந்தையின் அன்றாடத் தேவை. கணக்கிட்டுப் பார்த்தால் ஓராண்டின் 52 வாரங்களில் மொத்தம் 4.33 லட்சம் அலகு. அரசுத் திட்டத்தின் இரு வேளைகள் சேர்ந்தால் 4 லட்சம். ஆண்டு மொத்தம் கிட்டத்தட்ட ஒன்றே, கொடுத்த விதம்தான் வேறு. திருச்சியில் உணவில் கிடைப்பதுபோல் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள். மருந்துப் பெருவேளையால் அன்றி, நல்ல உணவால் கிடைக்கக்கூடிய அளவாலேயே உயிர் காக்க முடியுமா என்பதுதான் ஆய்வாளர்கள் உண்மையில் கேட்ட கேள்வி.

முடிவுகள்

ஓராண்டில் 125 குழந்தைகள் இறந்தனர். விபத்துகளைக் கழித்தால் 117. அவற்றில் வைட்டமின் ஏ பெற்ற 7,764 குழந்தைகளிடையே 37 இறப்புகளும், பெறாத 7,655 குழந்தைகளிடையே 80 இறப்புகளும் நேர்ந்தன. ஒப்பு இடர் 0.46, அதன் 95 விழுக்காடு நம்பக இடைவெளி 0.30 முதல் 0.71 வரை. அதாவது உண்மையான பயன் 29 விழுக்காட்டுக்கும் 70 விழுக்காட்டுக்கும் இடையில் எங்கோ உள்ளது; 54 என்பது நடுவான மதிப்பீடு. ஆய்வை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் 54 என்ற எண்ணை மட்டும் சொல்லி இடைவெளியை விட்டுவிடுகின்றனர்.

வேறு விதமாகச் சொன்னால், ஆயிரம் குழந்தைகளில் பத்துக்குச் சற்று மேலாக இருந்த ஆண்டு இறப்பு, ஐந்துக்குக் கீழே இறங்கியது. ஓர் இறப்பைத் தடுக்க ஏறத்தாழ 175 குழந்தைகளுக்கு ஓராண்டு முழுதும் மருந்து தர வேண்டியிருந்தது. ஒரு பெரிய ஊரின் சிறு குழந்தைகள் எல்லோரையும் சேர்த்தால் வரும் எண்ணிக்கை அது. தன் ஊரில் பிழைத்த குழந்தை எது என்பதை எந்தத் தாயாலும் தன்னார்வலராலும் சொல்லியிருக்க முடியாது. பொதுநல மருத்துவத்தின் பலன் பெரும்பாலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல்தான் இருக்கும்.

வயதும் உடல்நிலையும் பயனை மாற்றின. 6 முதல் 11 மாதக் குழந்தைகளில் ஒப்பு இடர் 0.28. ஒன்று முதல் மூன்று வயதுக்கு உட்பட்டோரில் 0.46. நீண்டநாள் ஊட்டக்குறைவால் உயரம் குன்றியிருந்த குழந்தைகளில் 0.11, அதாவது இறப்பு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. இந்தக் கடைசி எண் சிறிய எண்ணிக்கையிலிருந்து வந்தது என்பதால் அதன் இடைவெளி 0.03 முதல் 0.36 வரை விரிகிறது. எனினும் போக்கு தெளிவு. யாருக்கு உணவு மிகக் குறைவோ அவர்களுக்கே பயன் மிகுதி. வயிற்றுப்போக்கு, வலிப்பு, பிற தொற்று அறிகுறிகளோடு நேரும் இறப்புகளில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

நோய் குறையவில்லை

1991இல் அதே குழுவினர் வெளியிட்ட இரண்டாவது கட்டுரை முதலாவதைப் போலப் புகழ் பெறவில்லை. புரிதலுக்கு அது குறைந்ததன்று. வாராந்தரப் பதிவுகளைக் கணக்கிட்டபோது, வயிற்றுப்போக்கோ மூச்சுத்தொற்றோ வரும் தடவைகள் இரு பிரிவிலும் ஒன்றாகவே இருந்தன. குழந்தைகளின் வளர்ச்சியிலும் மாற்றமில்லை. வைட்டமின் ஏ பெற்ற குழந்தையும் மற்றக் குழந்தையைப் போலவே நோய்வாய்ப்பட்டது; ஆனால் இறக்கவில்லை.

இது முரண் போலத் தோன்றினாலும் விளக்கம் உண்டு. நோய்க்கிருமி குழந்தையை வந்தடைவது குடிநீர், கழிப்பிடம், நெரிசல் ஆகியவற்றைப் பொறுத்தது. வாய்க்கால் நீரைக் குடிக்கும் வரை வயிற்றுப்போக்கு வந்தே தீரும். வந்த நோய் எவ்வளவு ஆழமாகப் பாயும், எத்தனை நாள் நீடிக்கும், உடல் மீளுமா என்பது குடலின் உட்பூச்சையும் எதிர்ப்பாற்றலையும் பொறுத்தது. வைட்டமின் ஏ வேலை செய்வது இந்த இரண்டாவது கட்டத்தில். மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் நடந்து 1993இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. அங்கும் நோய் வரும் தடவைகள் பெரிதும் மாறவில்லை; ஆனால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவுக்கு முற்றிய நோய் 38 விழுக்காடும், இறப்பு 19 விழுக்காடும் குறைந்தன. தட்டம்மையில் இந்தத் தொடர்பு இன்னும் வெளிப்படை. தட்டம்மை உடலின் வைட்டமின் ஏ இருப்பை வேகமாகத் தீர்த்துவிடும். ஆகவே தட்டம்மை கண்ட குழந்தைக்கு வைட்டமின் ஏ தருவது உலகெங்கும் சிகிச்சையின் பகுதியாகிவிட்டது.

ஐதராபாத் சொன்ன வேறு விடை

1990இன் இறுதியில் லான்செட் இதழில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஜயராகவன், வினோதினி ரெட்டி குழுவினரின் ஆய்வு வந்தது. குழந்தைகள் எண்ணிக்கை 15,775. திருச்சிக்கு ஏறத்தாழ நிகர். கொடுத்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு. இறப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வைட்டமின், இரு விடைகள். ஐதராபாத்தில் இரு பிரிவிலுமே இறப்பு குறைவாக இருந்தது. ஆய்வுக்காகத் தொடர்ந்து வீட்டுக்கு வந்தவர்களே நோயுற்ற குழந்தைகளைக் காக்க உதவியிருக்கலாம் என்ற கருத்து உண்டு. இறப்பே அரிதாக உள்ள இடத்தில் இறப்பைக் குறைக்கும் மருந்தின் ஆற்றலைக் காண்பது கடினம். பெருவேளையின் பயன் ஆறு மாதம் நீடிக்காமல் இடையில் தீர்ந்துவிடுகிறது, வாராந்தரச் சிறுவேளை தீர்வதில்லை என்பது மற்றொரு விளக்கம். திருச்சிக் குழந்தைகளின் நிலை மேலும் மோசமாக இருந்ததால் அங்கே பயன் பெரிதாகத் தெரிந்தது என்பது மூன்றாவது. இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைத் தள்ள இயலாது.

1993இல் எட்டுப் பெரிய ஆய்வுகளைத் தொகுத்த பீட்டன் குழு, சராசரியாக 23 விழுக்காடு இறப்புக் குறைவு என்று கணித்தது. உலகளாவிய கொள்கைகள் இந்த எண்ணின் மேல் எழுந்தன. பின்னர் உத்தரப்பிரதேசத்தில் 1999 முதல் 2004 வரை அங்கன்வாடிகள் வழியே சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் நடந்த டெவ்டா ஆய்வு, 4 விழுக்காடு மட்டுமே குறைவு என்றும் அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்றும் 2013இல் அறிவித்தது. மருந்து உண்மையிலேயே குழந்தைகளின் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததா என்று சோமர் தரப்பினர் ஐயம் எழுப்பினர். திருச்சியில் ஒவ்வொரு வாரமும் ஒரு தன்னார்வலர் புகட்டியதும், பத்து லட்சம் பேருக்கு அரசு இயந்திரத்தின் வழியே வழங்கியதும் ஒன்றல்ல என்ற வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் நாட்டின் திட்டம் நடப்பது இரண்டாவது வழியில்தான் என்ற எதிர்வாதத்திலும் பொருள் உண்டு. டெவ்டாவையும் சேர்த்து 2017இல் செய்யப்பட்ட காக்ரேன் தொகுப்பு 12 விழுக்காடு என்ற எண்ணில் வந்து நிற்கிறது.

தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும்

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குப் பயன் உண்டென்றால், பிறந்த உடனே கொடுத்தால் என்ன? ரஹ்மத்துல்லா குழுவினர் தமிழ்நாட்டின் இரு ஊரக மாவட்டங்களில் 11,619 பச்சிளங்குழந்தைகளிடம் இதைச் சோதித்தனர். பிறந்த முதல் இரு நாட்களில் நாளுக்கு 24,000 அலகு. ஆறு மாதத்துக்குள் நேரும் இறப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததாக 2003இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். ஆனால் 2015இல் வெளியான அரியானா, கானா, தான்சானியா பெரும் ஆய்வுகளில் அந்தப் பயன் உறுதிப்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2011 முதலே பச்சிளங்குழந்தைக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

தாய்மார் பற்றிய வரலாறும் இதே பாதையில் சென்றது. நேபாளத்தில் கருவுறும் வயதுப் பெண்களுக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏவோ பீட்டா கரோட்டினோ கொடுத்தபோது பேறுகால இறப்பு 44 விழுக்காடு குறைந்தது என்று 1999இல் செய்தி வந்ததும் பெரும் நம்பிக்கை பிறந்தது. கானாவிலும் வங்கதேசத்திலும் இன்னும் பெரிய அளவில் செய்தபோது அது மீண்டும் கிட்டவில்லை. இன்று கருவுற்ற பெண்ணுக்கு இது பொதுவாகத் தரப்படுவதில்லை. மாலைக்கண் பரவலாக உள்ள பகுதிகளில் அதைத் தடுக்க மட்டும், நாளுக்கு 10,000 அலகு அல்லது வாரத்துக்கு 25,000 அலகு என்ற வரம்புக்குள் தரலாம். வரம்பு முக்கியம். கருவின் தொடக்க வாரங்களில் மிகையான ரெட்டினால் குழந்தைக்கு உறுப்புக் குறைகளை உண்டாக்கக்கூடும். கீரையிலும் பழத்திலும் உள்ள கரோட்டினுக்கு இந்த ஆபத்து இல்லை.

உணவால் முடியுமா

உணவிலிருந்து கிடைக்கத்தக்க அளவே போதும் என்பதுதான் திருச்சி ஆய்வாளர்களின் முடிவுரை. அந்த அளவை அடுப்படியில் எடைபோட்டுப் பார்க்கலாம். இந்திய உணவு அட்டவணையின்படி 100 கிராம் முருங்கைக்கீரையில் 6,780 மைக்ரோகிராம் கரோட்டின், அகத்தியில் 5,400. முன்பு ஆறு பங்கு கரோட்டின் ஒரு பங்கு ரெட்டினாலுக்கு ஈடு என்று கொண்டனர். 2001இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் பன்னிரண்டு பங்கு வேண்டும் என்று மாற்றியது. பழைய கணக்கில் வாரத்துக்கு 220 கிராம் முருங்கைக்கீரை போதும். புதிய கணக்கில் 440 கிராம், நாளுக்கு 60 கிராமுக்கும் மேல். இரண்டு வயதுக் குழந்தை நாள்தோறும் அவ்வளவு கீரை உண்ணுமா என்பது ஐயமே. முட்டை ஒன்றில் ஏறத்தாழ 80 மைக்ரோகிராம். முட்டையை மட்டும் நம்பினால் வாரத்துக்கு முப்பதுக்கும் மேல் வேண்டும். ஆட்டு ஈரலோ சில பத்து கிராம் போதும். மாலைக்கண்ணுக்கு ஈரல் கொடுக்கும் பழைய வைத்தியம் அளவிலும் சரியானதே. தாய்ப்பால், பருப்போடு மசித்த கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை, கொஞ்சம் எண்ணெய் என்று கலந்து வரும்போதுதான் கணக்கு நிறைவேறும். எந்த ஒரு பண்டமும் தனியே நிறைவேற்றாது.

இந்தியாவின் பெருவேளைத் திட்டம் இன்றும் தொடர்கிறது. 9 மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 லட்சம் அலகு, பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம், மொத்தம் ஒன்பது வேளை. இதை நாடு முழுதும் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடர வேண்டுமா என்பதில் இந்திய ஊட்டச்சத்து அறிஞர்கள் பிளவுபட்டுள்ளனர். சேலத்தில் பிறந்தவரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் முன்னாள் இயக்குநருமான சி. கோபாலன், மருந்தை நம்பி உணவைக் கைவிடுவது தவறு என்று இறுதிவரை வாதிட்டவர். அந்தப் பெருவேளைத் திட்டம் அவர் தலைமையிலிருந்த நிறுவனத்தின் ஆய்வுகளிலிருந்தே பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 18 விழுக்காட்டினருக்கு வைட்டமின் ஏ குறை இருந்தது. குறை மிகுந்த மாநிலங்களுக்கு மட்டும் தந்தால் போதும் என்போர் இதைச் சான்று காட்டுகின்றனர்.

திருச்சி ஆய்வு நடந்த ஊர்கள் அன்று போல் இல்லை. தட்டம்மைத் தடுப்பூசி ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் எட்டுகிறது. அங்கன்வாடியிலும் சத்துணவிலும் முட்டை உண்டு. நியாயவிலைக் கடைப் பாமாயிலில் வைட்டமின் ஏவும் டியும் சேர்க்கப்படுகின்றன. செறிவூட்டப்பட்ட அரிசியைத் தமிழ்நாடு முதலில் வழங்கிப் பார்த்ததும் இதே திருச்சி மாவட்டத்தில்தான், 2020இல். அந்த அரிசியில் சேர்ப்பவை இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை. வைட்டமின் ஏ அதில் கட்டாயமில்லை. இத்தகைய மாற்றங்களுக்குப் பிறகு அதே ஆய்வை அதே இடத்தில் மீண்டும் நடத்தினால் 54 விழுக்காடு கிடைக்காது. ஆயிரத்தில் பத்துக் குழந்தைகள் ஆண்டுதோறும் இறந்த காலத்து எண் அது.